ஹெட்ஃபோன் மோகம்: பேஸ், விலை, காது... எதற்குச் செலவு செய்வது?

‘இதுல பேஸ் பத்தல மச்சி!’

ஹெட்ஃபோன் மீது ஆசை வைத்தவர்களில் பெரும்பாலானோரின் பயணம் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. போனோடு வந்த இயர்போன் போய், ஆயிரம் ரூபாய்க்கு ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வரும். அதுவும் பத்தாமல் யூடியூப் ரிவ்யூ பார்த்து ஒயர் உள்ள ஐஇஎம். பிறகு அதற்கு ஒரு டாக், ஒரு ஆம்ப். கடைசியில் ‘இதுக்கு மேல எதுவும் வாங்க வேண்டாம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு ‘எண்ட்கேம்’ ஹெட்ஃபோன். ஆறு மாதம் கழித்து அதுவும் பழசாகிவிடும்.

இந்தப் பயணத்தில் எந்தப் படியில் உண்மையிலேயே சத்தம் மேம்படுகிறது? எந்தப் படியில் பர்ஸ் மட்டும் காலியாகிறது? இடையில் காதுக்கு என்ன ஆகிறது? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பஸ்ஸில் தொடங்கும் பொழுதுபோக்கு

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தை எடுத்துக்கொள்வோம். நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகில் இருக்கும் ஒன்றியம். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், விருத்தாசலத்துக்கோ நெய்வேலிக்கோ கல்லூரிக்கும் வேலைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் என்று பலருக்கும் நிம்மதியாகப் பாட்டு கேட்கக் கிடைப்பது அந்தப் பயண நேரம்தான். காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்க ஹை-ஃபை ஷோரூம் எதுவும் பக்கத்தில் கிடையாது. ரிவ்யூவையும் ஸ்டார் ரேட்டிங்கையும் நம்பி ஆர்டர் போட வேண்டியதுதான்.

இங்கேதான் முதல் சிக்கல். ரிவ்யூ செய்கிறவர் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்கிறார். வாங்குகிறவர் டீசல் இன்ஜின் உறுமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கிறார். இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் காதுக்குள் போய்ச் சேருவது ஒன்றல்ல.

பேஸ் எங்கே போகிறது?

பஸ் இன்ஜினின் உறுமல், டயர் சத்தம், காற்று எல்லாமே பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. பாட்டில் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் தவிலின் தொப்பிச் சத்தமும் இருப்பதும் அதே இடம்தான். ஒரே வகைச் சத்தங்களில் பெரியது சின்னதை மூடிவிடும். பேஸ் இல்லாமல் போகவில்லை. இன்ஜின் அதை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம், இயர்பட் காதுக்குள் உட்காரும் விதம். காதின் துவாரத்துக்கும் இயர்பட்டின் ரப்பர் நுனிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தால் போதும், பேஸ் அதன் வழியாக வெளியே கசிந்துவிடும். பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் நுனிகள் கொடுப்பது இதற்காகத்தான். பலர் அந்தப் பாக்கெட்டைப் பிரிப்பதே இல்லை.

மூன்றாவது காரணம் நம் காதிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது பேஸை இன்னும் குறைவாகவே உணரும். வால்யூமைக் கூட்டினால் பேஸ் மற்றதைவிட வேகமாகக் கூடுவதாகத் தோன்றும்.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் விழுங்குகிறது, இடைவெளியில் கசிகிறது, காதும் ஒத்துழைக்கவில்லை. கை தானாக வால்யூம் பட்டனுக்குப் போகிறது. ‘பேஸ் பத்தல’ என்பதற்குப் பெரும்பாலும் அர்த்தம் ‘வெளிச்சத்தம் அதிகம்’ என்பதுதான்.

வாக்மேன் விட்டுப்போன பழக்கம்

ஹெட்ஃபோனை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது சோனி வாக்மேன். 1979 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த முதல் மாடலில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். கூடவே ஒரு ஆரஞ்சு பட்டன். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும்.

ஆனால் அதோடு வந்தது மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த, காது மேல் உட்காரும் ஹெட்ஃபோன். வெளிச்சத்தத்தை அது தடுக்காது. 2001 இல் வந்த ஐபாடோடு கொடுக்கப்பட்ட வெள்ளை இயர்போனும் காதின் வாசலில் நிற்குமே தவிர உள்ளே அடைக்காது. ஆக, இரைச்சலுக்கு நடுவில் பாட்டு கேட்கும் பழக்கம் பரவியபோதே, ‘இரைச்சலை மீற வால்யூமைக் கூட்டு’ என்ற பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

இதற்கு இரண்டு பேர் இரண்டு வழியில் தீர்வு கண்டார்கள். ஒருவர் இசை மேடையில், இன்னொருவர் விமானத்தில்.

டிரம்மர் காதைக் காப்பாற்ற வந்த ஐஇஎம்

இன்று ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் கூடக் கிடைக்கும் ஐஇஎம், அதாவது ‘இன்-இயர் மானிட்டர்’, முதலில் மேடைக் கலைஞர்களுக்கான கருவி. மேடையில் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தங்கள் சத்தம் கேட்க, எதிரே பெரிய ஸ்பீக்கர் வைப்பார்கள். ராக் இசைக் குழுக்களில் அந்தச் சத்தமே காதைக் கிழிக்கும்.

வேன் ஹேலன் குழுவில் மேடை ஒலிப் பொறியாளராக இருந்தவர் ஜெர்ரி ஹார்வி. அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வேன் ஹேலனுக்கு மேடைச் சத்தம் பெரிய தொந்தரவாக இருந்தது. அவருக்காகக் காதுக்குள் அடைத்து உட்காரும் மானிட்டரை ஹார்வி செய்து கொடுத்தார். 1995 இல் ‘அல்டிமேட் இயர்ஸ்’ நிறுவனம் பிறந்தது இப்படித்தான்.

வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டால், உள்ளே சின்னச் சத்தமே போதும். ஐஇஎம்மின் அடிப்படைத் தத்துவம் இவ்வளவுதான். ‘துல்லியம்’, ‘டீட்டெயில்’ என்று இன்று ரிவ்யூக்களில் புகழப்படுவதில் ஒரு பெரிய பங்கு இந்த அடைப்பால் கிடைப்பது. வெளிச்சத்தம் போனதும், இதுவரை மூழ்கிக் கிடந்த வீணையின் மீட்டலும் பாடகரின் மூச்சும் மேலே வருகின்றன.

விமானத்தில் பிறந்த சமன்பாடு

இன்னொருவர் அமர் போஸ். 1920களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசிடமிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராளி நோனி கோபால் போஸின் மகன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்கு உதவியவர்.

1956 இல், அதாவது நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பதிவு செய்யப்பட்ட அதே ஆண்டில், எம்ஐடியில் ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருந்த அமர் போஸ் ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வாங்கினார். விளம்பரத்தில் சொன்ன அளவுகள் எல்லாம் பிரமாதம். வீட்டில் வைத்துக் கேட்டால் ஏமாற்றம். நம்மில் பலர் அந்த இடத்தில் அடுத்த செட்டைத் தேடுவோம். அவர் காரணத்தைத் தேடினார். அந்தத் தேடலில் 1964 இல் போஸ் நிறுவனம் உருவானது.

1978 இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வரும்போது, பணிப்பெண் கொடுத்த ஹெட்ஃபோனை மாட்டினார். விமான இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. விமானம் தரையிறங்குவதற்குள், இரைச்சலை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் அடிப்படைக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டார். ஆனால் கணக்கு பொருளாக மாற 11 ஆண்டுகள் ஆயின. விமானிகளுக்கான ஹெட்செட் 1989 இல் விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிகள் வாங்கும் ‘குவயட் கம்ஃபர்ட்’ வந்தது 2000 இல்.

இன்று 2,000, 3,000 ரூபாய் இயர்பட்ஸிலும் ‘ஏஎன்சி’ என்று எழுதியிருப்பது இந்தத் தொழில்நுட்பம்தான். வெளியே இருக்கும் சின்ன மைக் இரைச்சலைப் பிடிக்கும். அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுவதைப்போல இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

ஆனால் இது எல்லாச் சத்தத்துக்கும் வேலை செய்யாது. பஸ் இன்ஜின், ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த உறுமலை நன்றாகக் குறைக்கும். ஏர் ஹாரன், கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சு ஆகியவற்றைப் பெரிதாகக் குறைக்காது. அவற்றைத் தடுப்பது ரப்பர் நுனியின் இறுக்கம்தான்.

விலை ஏறினால் சத்தம் நன்றாகுமா?

இந்தப் பொழுதுபோக்கில் விலை மதிப்புள்ள கேள்வி இதுதான்.

ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017 இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் அளவீடுகளை, அதாவது பேஸ், நடுச்சத்தம், ட்ரெபிள் ஆகியவற்றை ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கிறது என்பதை, அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விலைக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. நல்ல ட்யூனிங் மலிவிலும் உண்டு; மோசமான ட்யூனிங் பெரிய விலையிலும் உண்டு.

அதற்காக விலை முழுக்க ஏமாற்று என்று அர்த்தமில்லை. உறுதியான கட்டமைப்பு, மணிக்கணக்கில் மாட்டினாலும் வலிக்காத மெத்தை, மாற்றிக்கொள்ளும் கேபிள், நல்ல மைக், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் காசு உண்டு. காதுக்கு வந்து சேரும் சத்தத்தின் சமநிலைக்கு மட்டும் விலைச் சீட்டு உத்தரவாதம் தராது.

அப்படியானால் ‘நல்ல ட்யூனிங்’ என்றால் என்ன? ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2012 முதல் நடத்திய சோதனைகள் இதற்கு ஒரு பதில் சொன்னது. எந்த பிராண்ட், என்ன விலை என்று தெரியாத நிலையில் பலரைக் கேட்கவைத்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ, அதற்கு நெருக்கமான சத்தத்தையே பெரும்பான்மையோர் விரும்பினார்கள். ரிவ்யூக்களில் கோடு போட்டுக் காட்டப்படும் ‘ஹர்மன் கர்வ்’ இதுதான். சிலருக்கு இதைவிட பேஸ் கூடுதலாக வேண்டும், சிலருக்குக் குறைவாக. அது ருசி, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா என்பது மாதிரி.

இந்த ருசியைப் புது ஹெட்ஃபோன் வாங்கித்தான் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஈக்வலைசர் போதும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், பவர்ஆம்ப் மாதிரி ஆப்களில் நம் இயர்போன் மாடலுக்கு ஏற்ற திருத்தம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது, கொஞ்சம் சத்தமாகக் கேட்பதுதான் ‘சூப்பர்’ என்று தோன்றும். சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால் பல ‘சூப்பர்’கள் சாதாரணமாகிவிடும்.

‘ஹை-ரெஸ்’, டாக், ஆம்ப்... தேவையா?

அடுத்த படியில் விளம்பரம் பேசுவது ‘ஹை-ரெஸ் ஆடியோ’ பற்றி. சிடியின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் போனால் காதுக்குத் தெரியுமா? மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து, ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் 2007 இல் வெளியிட்டார்கள். உயர்தர ஒலித்தட்டையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா சொன்னாலும் அதே முடிவுதான் வந்திருக்கும்.

டாக் என்பது போனில் இருக்கும் டிஜிட்டல் எண்களை மின்அலையாக மாற்றும் கருவி. ஆம்ப் அதற்குப் பலம் கூட்டும் கருவி. போனில் 3.5 எம்எம் ஜாக் இல்லையென்றால், ஒயர் இயர்போன் போட ஒரு சின்ன டாங்கிள் தேவை. அதற்குள்ளேயே டாக்கும் ஆம்ப்பும் இருக்கும். பெரும்பாலான ஐஇஎம்களுக்கு அது தாராளம். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்குத்தான் தனி ஆம்ப்பின் அவசியம் வரும். பஸ்ஸில் ஐஇஎம் போட்டுக் கேட்கிறவர் ஆம்ப்புக்குச் செலவு செய்தால், அந்தக் காசில் பெரும்பகுதி வீண்.

திறந்த ஹெட்ஃபோனுக்கு மூடிய வீடு வேண்டும்

‘எண்ட்கேம்’ என்று பலர் கனவு காண்பது ஓபன்-பேக் ஹெட்ஃபோன். முதுகுப்பக்கம் மூடாமல் சல்லடை வைத்த வகை. 1968 இல் சென்ஹைசர் கொண்டுவந்த எச்டி 414, மஞ்சள் ஸ்பாஞ்சோடு, இந்த வகையைப் பிரபலமாக்கியது. 1997 இல் வந்த எச்டி 600 இன்றும் விற்பனையில் இருக்கிறது. காதுக்குள் அடைபட்ட உணர்வு இருக்காது. பாட்டு தலைக்கு வெளியே, கொஞ்சம் விரிந்து கேட்கும்.

ஆனால் வெளிச்சத்தம் முழுதாக உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும். தலைக்கு மேல் ஃபேன், முன்னறையில் டிவி, ஆடி மாதமானால் கோயில் குழாய் ஸ்பீக்கர் என்று இருக்கும் வீட்டில், இந்த ஹெட்ஃபோனின் அருமை நள்ளிரவுக்கு மேல்தான் தெரியும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நல்லதா?’ என்பதல்ல. ‘இதைக் கேட்க எனக்கு அமைதியான ஒரு மணி நேரம் இருக்கிறதா?’ என்பதுதான்.

அப்கிரேடு இல்லாத ஒரே கருவி

டாக், ஆம்ப், கேபிள் எல்லாவற்றையும் மாற்றலாம். கடைசியில் சத்தத்தைக் கேட்பது உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள். ஒரு காதில் சுமார் 15,000. அதிகச் சத்தத்தில் செத்துப்போனால் மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்காகும். பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 85 டெசிபல் என்றால் வாரத்துக்கு 12 மணி 30 நிமிடம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிடம்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். போக 40 நிமிடம், வர 40 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். மொத்தம் 8 மணி நேரம். பஸ்ஸுக்குள் இரைச்சல் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதை மீறிப் பாட்டு கேட்க 90 டெசிபல் வைத்தால், ஒரு வாரத்துக்கான அளவைப்போல இரண்டு மடங்கு பஸ்ஸிலேயே முடிந்துவிடும். வெளிச்சத்தத்தை 15 டெசிபல் அடைக்கும் இயர்போனாக இருந்தால், அதே பாட்டை 75 டெசிபலில் கேட்கலாம். பயமே இல்லை.

சத்தமான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தியச் சுரங்கங்களுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1975 லேயே வகுத்த அளவின்படி 85 டெசிபல் எச்சரிக்கை எல்லை, 90 டெசிபல் அபாய எல்லை. அது வேலை நேரக் கணக்கு. காதுக்கு அப்படித் தனித்தனிக் கணக்குப் புத்தகம் கிடையாது. கன்வேயர் பெல்ட் சத்தம், டிராக்டர் சத்தம், அரவை மில் சத்தம், காதில் மாட்டிய பாட்டு... எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும்.

அதுமட்டுமில்லை. பல மணி நேரம் இரைச்சலில் இருந்து வெளியே வந்ததும் காது தற்காலிகமாக மந்தமாகும். காலையில் போதுமாக இருந்த வால்யூம் மாலையில் ‘கம்மியா இருக்கே’ என்று தோன்றும். ஓய்வு தேவைப்படும் நேரத்தில் காதுக்குக் கூடுதல் சத்தம் கிடைக்கிறது.

இரைச்சலால் வரும் கேள்விக் குறைபாடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் தெளிவு இருப்பது அந்த மேல் பகுதியில். அதனால் ‘சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல’ என்ற நிலை முதலில் வரும். காதில் ‘ங்ங்’ என்ற ரீங்காரம் நிற்காமல் கேட்பது இன்னொரு அறிகுறி. 12 முதல் 35 வயதுக்குள் உலகம் முழுவதும் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லட்ச ரூபாய் ஹெட்ஃபோனாலும் போன ட்ரெபிளைத் திருப்பித் தர முடியாது.

என்ன செய்யலாம்?

* முதல் அப்கிரேடு ரப்பர் நுனி. பெட்டியில் இருக்கும் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. மெமரி ஃபோம் நுனி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

* பஸ், ரயில் பயணம் அதிகம் என்றால், நன்றாக அடைக்கும் ஐஇஎம் அல்லது ஏஎன்சி உள்ள இயர்பட்ஸ். வீட்டில் அமைதியான நேரம் கிடைக்கும் என்றால் மட்டும் ஓபன்-பேக்.

* அமைதியான அறையில் வால்யூமை முடிவு செய்யுங்கள். போனின் அதிகபட்ச அளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐபோனில் ஹெல்த் ஆப், எவ்வளவு சத்தத்தில் கேட்டீர்கள் என்ற கணக்கையே காட்டும்.

* பேஸ் பத்தவில்லையா? வால்யூமைத் தொடாமல், ஈக்வலைசரில் பேஸை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

* பைக் ஓட்டும்போதும், ரோடும் தண்டவாளமும் கடக்கும்போதும் காதிலிருந்து கழற்றிவிடுங்கள். வேலையிடத்தில் ஏஎன்சி ஹெட்ஃபோன், காதுப் பாதுகாப்புக் கருவிக்கு மாற்று இல்லை.

* சத்தமான வேலை முடிந்து வரும்போது காதுக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். ரீங்காரம் ஓரிரு நாளில் அடங்காவிட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஆடியோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஹெட்ஃபோன் ஆர்டர் போடும் முன் ரிவ்யூவில் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதோடு, ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: ‘இதைப் போட்டால் என்னால் வால்யூமைக் குறைக்க முடியுமா?’ ஆம் என்றால், நல்ல பொருள். கூட்டத்தான் தோன்றும் என்றால், விலை என்னவாக இருந்தாலும் அது நமக்கானது இல்லை.